வகுப்பறை இடத்துக்கான வரிசை: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பாடப் பதிவின் வரலாறு

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவராகச் சேர்வதும் அங்கு நடக்கும் ஒரு பாடத்தில் இடம் பெறுவதும் வெவ்வேறு நிகழ்வுகள். சேர்க்கை ஒரு முறையோடு முடிந்துவிடுகிறது. பாடப் பதிவு எனப்படும் இரண்டாவது நிகழ்வோ ஒவ்வொரு பருவத்துக்கும் திரும்ப வருகிறது. எந்தெந்தப் பாடங்களை, எந்த ஆசிரியரிடம், எந்த நேரத்தில் படிப்பது என்பதை மாணவரே தெரிவு செய்து, தம் பெயரை அந்தந்த வகுப்பின் பட்டியலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வகுப்பு நிரம்பியிருந்தால் காத்திருப்போர் பட்டியலில் நிற்க வேண்டும். சில பாடங்களுக்கு ஆசிரியரோ துறையோ வழங்கும் அனுமதிக் குறியீடு இல்லாமல் பதிவே நடக்காது. இன்று இவை அனைத்தும் திரையில் சில நிமிடங்களில் முடிவதால் கணினியோடு பிறந்த ஏற்பாடு போலத் தோன்றினாலும், என்ன படிப்பது என்பதை மாணவரின் விருப்பத்துக்கு விடலாம் என்று 19-ஆம் நூற்றாண்டின் அமெரிக்கக் கல்வியாளர்கள் எடுத்த முடிவிலிருந்தே இது தொடங்குகிறது. விருப்பம் நுழைந்த இடத்தில் பற்றாக்குறையும் நுழைந்தது; இருக்கும் இடங்களை யாருக்கு எந்த முறையில் பங்கிடுவது என்ற கேள்விக்கு அடுத்தடுத்த தலைமுறைகள் கண்ட விடைகளே பாடப் பதிவின் வரலாறாக அமைந்தன.

பெயர் பதியும் வழக்கம் மட்டும் அதைவிட மிகப் பழையது. பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போப்பின் தூதர் ராபர்ட் தெ கூர்சோன் 1215-இல் வகுத்தளித்த விதிகள், குறிப்பிட்ட ஓர் ஆசிரியரைச் சாராத எவரையும் அந்நகரில் மாணவராகக் கருதக்கூடாது என்று கூறின. ஆகவே மாணவர் யாருடைய மாணவர் என்பதே அன்று பதியத்தக்க செய்தியாக இருந்தது. பாடத்தைத் தனியே பதிய வேண்டிய தேவை எழவில்லை. 1636-இல் தொடங்கிய ஹார்வர்டு உள்ளிட்ட பழைய அமெரிக்கக் கல்லூரிகளிலும் நிலைமை அதுவே. ஓர் ஆண்டில் சேர்ந்தவர்கள் அனைவரும் லத்தீன், கிரேக்கம், கணிதம், அறநெறித் தத்துவம் என்று வரையறுக்கப்பட்ட ஒரே பாடத்திட்டத்தை ஒரே வகுப்பாக அமர்ந்து படித்தார்கள். இந்த முறையை யேல் கல்லூரியின் ஆசிரியர்கள் 1828-இல் வெளியிட்ட அறிக்கை வலுவாக ஆதரித்தது. மாணவரின் மனத்தைப் பயிற்றுவிப்பதே கல்லூரியின் வேலை, அதற்கான பாடங்களை ஆசிரியர்களே முடிவு செய்ய வேண்டும் என்பது அவர்களின் வாதம். தாமஸ் ஜெபர்சன் நிறுவி 1825-இல் வகுப்புகளைத் தொடங்கிய வர்ஜீனியா பல்கலைக்கழகம் எட்டுத் துறைகளுள் வேண்டியவற்றைத் தேர்ந்துகொள்ள மாணவரை அனுமதித்தது என்றாலும், பிற கல்லூரிகள் நெடுங்காலம் அந்த வழியில் செல்லவில்லை.

திருப்பம் ஹார்வர்டில் நேர்ந்தது. வேதியியல் ஆசிரியராக இருந்த சார்லஸ் வில்லியம் எலியட் 1869-இல் அதன் தலைவராகி, 1909 வரை நாற்பது ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். விருப்பப் பாட முறை என்று பெயர் பெற்ற அவருடைய சீர்திருத்தம் படிப்படியாக நடந்தது: கட்டாயப் பாடங்கள் 1872-இல் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கும், 1879-இல் மூன்றாம் ஆண்டினருக்கும், 1884-இல் இரண்டாம் ஆண்டினருக்கும் நீக்கப்பட்டன. பதினெட்டு வயது இளைஞருக்குத் தம் கல்வியைத் தாமே வகுத்துக்கொள்ளும் அறிவுண்டு என்று எலியட் கொண்ட நம்பிக்கையைப் பலர் ஏற்கவில்லை. அவருக்குப் பின் தலைவரான ஏ. லாரன்ஸ் லோவெல் ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளில் பரவலும் வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்து அந்தச் சுதந்திரத்துக்கு வரம்பு கட்டினார். இந்த விவாதம் முடிவதற்குள் நிர்வாகத்தில் மீள முடியாத மாற்றம் ஏற்பட்டுவிட்டது. ஒரே ஆண்டில் சேர்ந்த இருவர் ஒரே பாடங்களைப் படிப்பார்கள் என்ற உறுதி போனபின், ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பதிவேடு தேவைப்பட்டது. ஒரு பாடத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதை முன்கூட்டியே அறிய வேண்டியிருந்தது. ஒரு பாடத்தைப் படிக்கும்முன் முடித்திருக்க வேண்டிய முன்தேவைப் பாடங்களை வரையறுக்க வேண்டியிருந்தது.

இந்தக் கணக்கைச் சுமந்தவர் பதிவாளர். தமிழ்நாட்டில் பல்கலைக்கழகப் பதிவாளர் என்றால் துணைவேந்தருக்கு அடுத்த நிலையில் முழு நிர்வாகத்தையும் நடத்தும் அதிகாரி என்றே பொருள். அமெரிக்காவில் அப்பெயருடையவர் மாணவர் பதிவுகளையும் பாட அட்டவணையையும் மதிப்பெண்களையும் காப்பவர். இவர்கள் 1910-இல் தங்களுக்கெனத் தேசிய அளவில் ஒரு சங்கம் அமைக்கும் அளவுக்கு அத்தொழில் வளர்ந்திருந்தது. அதே ஆண்டுகளில், வெவ்வேறு பாடங்களைப் படித்தவர்களை ஒரே பட்டத்துக்கு உரியவர்களாக எண்ணுவதற்கு ஒரு பொது அளவுகோலாக மதிப்பலகு, அதாவது கிரெடிட், நிலைபெற்றது. ஒரு பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு ஓர் அலகு என்பது அதன் பொதுவான கணக்கு. ஆண்ட்ரூ கார்னெகி பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக 1905-இல் நிறுவிய அறக்கட்டளை, உதவி பெற விரும்பிய கல்லூரிகள் மாணவரின் பள்ளிப் படிப்பை அலகுகளில் அளக்க வேண்டும் என்று வகுத்த நிபந்தனையும் இந்தக் கணக்கு பரவத் துணை செய்தது. அந்த அறக்கட்டளைக் குழுவின் முதல் தலைவரும் எலியட்டே.

இடப் பற்றாக்குறை பெருஞ்சிக்கலானது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். போரிலிருந்து திரும்பும் வீரர்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1944 ஜூன் 22 அன்று கையெழுத்திட்டார். அதன் வழியாகச் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிகளுக்கு வந்தார்கள். 1947-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். பேரேட்டையும் எழுத்தரையும் நம்பியிருந்த பதிவு முறை இந்த வெள்ளத்தைத் தாங்கவில்லை. 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹொலரித் உருவாக்கிய துளையட்டைப் பொறியின் வழிவந்த, 80 நெடுவரிசைகள் கொண்ட ஐ.பி.எம். அட்டைகள் அப்போது பல்கலைக்கழகங்களில் பரவலாகப் பயன்படலாயின.

துளையட்டைக் காலத்துப் பதிவு நாள் பெரும்பாலும் உடற்பயிற்சிக் கூடத்திலேயே நடந்தது, ஏனெனில் ஆயிரக்கணக்கானோரைக் கொள்ளும் வேறு கூடம் வளாகத்தில் இல்லை. ஒவ்வொரு துறைக்கும் ஒரு மேசை. மேசைமேல் ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் அட்டைக் கட்டு. வகுப்பில் 30 இடங்கள் இருந்தால் கட்டில் 30 அட்டைகள் இருக்கும். ஓர் அட்டையைப் பெற்றவருக்கு ஓர் இடம் உறுதி. கட்டு தீர்ந்தால் வகுப்பு நிரம்பிவிட்டது என்று பொருள். மாணவர் மேசை மேசையாகச் சென்று சேர்த்த அட்டைகளைக் கடைசியில் ஒப்படைக்க, பொறி அவற்றைப் பிரித்து வகுப்புப் பட்டியல்களை அச்சிடும். யார் முதலில் கூடத்துக்குள் நுழைவது என்பதற்குப் படிப்பை முடிக்கும் நிலையில் இருப்பவர்கள் முதலில், புதியவர்கள் கடைசியில் என்பது பொதுவான வரிசை. இந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்ததை மறுக்க முடியாது: அட்டை இருக்கிறதா, இல்லையா என்பதை எல்லோரும் கண்ணால் பார்க்க முடிந்தது. இடம் கிடைக்காதவரின் பெயரை மேசைக்குப் பின்னிருந்தவர் ஒரு தாளில் குறித்துக்கொள்வதுண்டு; அத்தாளே காத்திருப்போர் பட்டியலின் முன்னோடி. ஆசிரியரை நேரில் கண்டு, கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள அவர் கையெழுத்திட்ட சீட்டைப் பெற்றுப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுப்பதும் உண்டு. பிற்கால அனுமதிக் குறியீடு அச்சீட்டின் மறுவடிவம்.

அட்டைகள் மாணவரிடையே வெறுப்பையும் விளைவித்தன. கலிபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் 1964-இல் எழுந்த கருத்துரிமை இயக்கத்தின்போது, பல்கலைக்கழகம் மனிதரைப் பொறிக்குள் செலுத்தும் தாளாக நடத்துகிறது என்பதற்குத் துளையட்டையே அடையாளமாயிற்று. இயக்கத்தின் பெயரெழுத்துகள் தெரியும்படி அட்டைகளில் துளையிட்டும், மடக்காதே, கசக்காதே என்று அட்டையில் அச்சிடப்பட்டிருந்த எச்சரிக்கையைத் தங்கள்மீதே எழுதிக்கொண்டும் மாணவர்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். அவர்களுடைய முதன்மைக் கோரிக்கை வளாகத்தில் அரசியல் பேசும் உரிமை. ஆயினும் எந்த வகுப்பில் அமரலாம் என்பதை முகமறியாத ஓர் அமைப்பு முடிவு செய்கிறது என்ற உணர்வும் அந்தச் சினத்தில் கலந்திருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

1980-களில் பொத்தான்களை அழுத்திப் பதியும் தொலைபேசி முறை வந்தது; யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் இதில் முன்னோடிகளுள் ஒன்று. கூடத்து வரிசை மறைந்து, ஒவ்வொருவருக்கும் பதிவு தொடங்கும் நாளும் நேரமும் தனித்தனியே ஒதுக்கப்பட்டன. 1990-களின் பிற்பகுதியில் இதே வேலை இணையத்துக்கு மாறியது. இம்மாற்றங்களால் காத்திருப்போர் பட்டியல் எழுத்தரின் தாளிலிருந்து நீங்கி நிரலின் பொறுப்பானது. தமிழ் வாசகர் நன்கறிந்த ரயில் முன்பதிவின் வெயிட்டிங் லிஸ்டைப் போல இதிலும் முன்னவர் விலகினால் பின்னவர் நகர்வார். ஆனால் இங்கே இடம் காலியானால் மட்டும் போதாது. நிரல் குறித்த இடைவெளியில் பட்டியலைச் சரிபார்க்கும்போது, முதலில் நிற்பவரின் பிற வகுப்புகளோடு நேரம் மோதுகிறதா, ஒரு பருவத்துக்கு அனுமதிக்கப்பட்ட அலகுகளின் உச்சவரம்பை அவர் தாண்டுகிறாரா, முன்தேவைப் பாடத்தை முடித்திருக்கிறாரா என்று பார்க்கும். ஒன்றில் தவறினாலும் அவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குச் செல்லும். பட்டியலில் முதலிடத்தில் இருந்தும் இடம் கிடைக்காமல் திகைக்கும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். குறிப்பிட்ட துறையினருக்கென ஒதுக்கி வைக்கப்பட்ட இடங்களும் உண்டு என்பதால், காலியிடம் திரையில் தெரிந்தும் பட்டியல் அசையாமல் இருக்கலாம்.

அனுமதிக் குறியீடு என்பது துறை அலுவலகம் ஒரு பாடத்தின் ஒரு பிரிவுக்கென்று உருவாக்கும் எண். பெரும்பாலான அமைப்புகளில் ஒரு முறை பயன்படுத்தியதும் அது செல்லாததாகிவிடும், குறித்த நாளுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் காலாவதியாகும். நிரம்பிய வகுப்பில் கூடுதலாகச் சேர்ப்பது, முன்தேவைப் பாட விதியைத் தளர்த்துவது, ஆசிரியர் ஒப்புதல் கட்டாயமான ஆய்வுப் பாடங்களில் நுழையவிடுவது ஆகியவற்றுள் ஒரு குறியீடு எதற்கெல்லாம் செல்லும் என்பதைத் துறை முன்பே வரையறுக்கிறது. அதனால் வகுப்பு நிரம்பியதற்காக வழங்கப்பட்ட குறியீடு முன்தேவைத் தடையை நீக்காமல் போகலாம். குறியீட்டைப் பெறுவதே இடத்தைப் பெறுவதாகாது என்பதும், மாணவர் அதை உள்ளிட்டுப் பதியும்வரை இடம் அவருடையதன்று என்பதும் ஒவ்வொரு பருவத்திலும் பலர் காலங்கடந்து அறியும் செய்திகள். பெரும்பாலும் ஈராண்டுப் படிப்புகளை வழங்கும் கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில், வகுப்புகள் தொடங்கியதும் பட்டியல் நின்றுபோய், முதல் நாள் நேரில் வந்து காத்திருப்பவர்களுக்கு ஆசிரியரே குறியீடுகளைப் பகிர்ந்தளிப்பது பரவலான வழக்கம். இயந்திரம் பெரும்பாலான அதிகாரத்தை எடுத்துக்கொண்ட இந்தப் பணியில் ஆசிரியரின் தீர்ப்புக்கு எஞ்சியிருக்கும் வாயில் இது ஒன்றே. பட்டம் பெற ஒரே பாடம் மீதமுள்ளவரையும், வேலைக்குச் செல்வதால் வேறு நேரத்தில் வர முடியாதவரையும் எந்த நிரலும் தானாக அடையாளம் காணாது என்பதால் இந்த வாயில் திறந்திருப்பது நல்லது. ஆயினும் எந்த அளவுகோலில் குறியீடு வழங்கப்படுகிறது என்பதைத் துறைகள் எழுத்தில் வெளியிடாதவரை, கேட்கத் துணிந்தவருக்குக் கிடைப்பதும் கூச்சப்படுபவருக்குக் கிடைக்காததுமாக அது முடியும்.

இந்தியாவில் இந்தச் சிக்கல் நெடுங்காலம் எழவில்லை. 1857-இல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டம் வரையறுக்கப்பட்டது, தேர்வு பொதுவானது. பருவத்துக்குப் பருவம் பதிய ஏதுமில்லை. அமெரிக்க முறையைப் பின்பற்றிய வேளாண் பல்கலைக்கழகங்களும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உதவியோடு வளர்ந்த கான்பூர் ஐ.ஐ.டி.யும் 1960-களில் பருவ முறையையும் பாடப் பதிவையும் இங்கு கொண்டுவந்தன. சென்னை லயோலா கல்லூரியும் கிறித்தவக் கல்லூரியும் 1978-இல் தன்னாட்சி பெற்றபின் கலைக் கல்லூரிகளிலும் விருப்பப் பாடத்துக்கு இடம் பிறந்தது.

பங்கிடும் முறையையே மாற்ற வேண்டும் என்று அமெரிக்காவில் வாதிட்டவர்கள் பொருளியலாளர்கள். முதலில் வருபவருக்கு முதலில் என்ற விதி விரைவாகப் பொத்தானை அழுத்துபவருக்கே பயன் தருகிறது என்பதால், சில வணிகப் பள்ளிகள் மாணவர்களுக்குப் புள்ளிகளைக் கொடுத்துப் பாடங்களை ஏலத்தில் விட்டன. ஹார்வர்டு வணிகப் பள்ளி, குலுக்கலில் வந்த வரிசைப்படி ஒவ்வொருவரும் ஒரு பாடத்தை எடுத்தபின் அடுத்த சுற்றில் அந்த வரிசையைத் தலைகீழாக்கும் முறையைக் கையாண்டது; மாணவர்கள் உண்மையான விருப்பத்தை மறைத்து, விரைவில் தீரும் பாடங்களை முன்னே எழுதியதால் மொத்தத்தில் இழப்பு நேர்ந்தது என்று எரிக் புடிஷும் எஸ்டெல் கான்டியோவும் 2012-இல் காட்டினார்கள். புடிஷ் வகுத்த கோட்பாட்டின் அடிப்படையில், பென்சில்வேனியாவின் வார்ட்டன் வணிகப் பள்ளி தன் ஏலத்தைக் கைவிட்டு 2013-இல் புதிய முறைக்கு மாறியது. ஏறத்தாழச் சமமான கற்பனைப் பணத்தை அனைவருக்கும் வழங்கி, தேவையும் இடமும் ஏறக்குறையப் பொருந்தும் விலைகளைக் கணினியே கண்டறிந்து, ஒவ்வொருவருக்கும் அவர் வாங்கத்தக்க சிறந்த பாடத் தொகுதியைத் தருவது அதன் வழி.

இவை அறிவுக்கூர்மை மிக்க முறைகள். ஆனால் பங்கீடு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டாது. வார்ட்டன் தன் பங்கீட்டைச் செம்மை செய்துகொண்டிருந்த அதே காலத்தில், கலிபோர்னியாவின் 112 சமுதாயக் கல்லூரிகள் நிதி வெட்டுகளால் பல ஆண்டுகளாக வகுப்புகளைக் குறைத்து வந்திருந்தன. 2012 இலையுதிர்ப் பருவத்தில் அவற்றுள் கணக்கெடுப்புக்குப் பதிலளித்தவற்றின் காத்திருப்போர் பட்டியல்களில் மட்டும் 4,70,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அவ்வாண்டு சாண்டா மோனிகா கல்லூரி, நிரம்பிய பாடங்களுக்குக் கூடுதல் பிரிவுகளைத் தொடங்கி அவற்றுக்கு மட்டும் ஓர் அலகுக்குச் சுமார் 180 டாலர் வசூலிக்கத் திட்டமிட்டது. வழக்கமான கட்டணம் 50 டாலருக்கும் குறைவு. ஏப்ரலில் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குள் நுழைய முயன்ற மாணவர்கள்மீது மிளகுத் தெளிப்பு பயன்படுத்தப்பட்டபின் அத்திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. நவம்பரில் மாநில வாக்காளர்கள் விற்பனை வரியையும் உயர் வருவாயினரின் வருமான வரியையும் தற்காலிகமாக உயர்த்தும் 30-ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். அந்த நிதியால் கல்லூரிகள் பாடப் பிரிவுகளை மீண்டும் திறந்தன. கல்லூரி ஒன்றுக்குச் சராசரியாக 7,000-க்கும் மேல் இருந்த காத்திருப்போர் எண்ணிக்கை அடுத்த ஆண்டில் சுமார் 5,000-ஆகக் குறைந்தது.