குறும்பிவாங்கி: நாம காது குடைந்த கதை

இதை இயர்பட்ஸ் மாட்டிக்கிட்டுதான் கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னா, ஒரு நிமிஷம் கழற்றி அந்த சிலிகான் நுனியைப் பாருங்க. மஞ்சளா, பழுப்பா ஏதாவது ஒட்டியிருக்கும். இன்னிக்கு எபிசோடு அதைப் பத்திதான். சாப்பிட்டுக்கிட்டே கேக்கறவங்க மன்னிச்சுக்கோங்க.

எங்க ஊர் சங்கரன்கோவில்ல இப்போ எல்லாரும் இதைக் ‘காது அழுக்கு’ன்னுதான் சொல்றோம். ஆனா தமிழில் இதற்குத் தனிப்பெயர் உண்டு: குறும்பி. பழைய அகராதிகளைப் புரட்டினால் குறும்பிவாங்கி என்றொரு சொல்லும் கிடைக்கும். குறும்பியை எடுக்கும் சின்னக் கரண்டி. முள்வாங்கி மாதிரியே இதுவும் ஒரு ‘வாங்கி’. ஒரு வளையத்தில் முள்வாங்கி, காதுக்கரண்டி, பல் குத்தும் ஊசி மூன்றையும் கோர்த்து திருவிழாக் கடைகளில் விற்பாங்க. ஆடித்தபசு கூட்டத்துல வளையல் கடைக்குப் பக்கத்துல நான் பார்த்திருக்கேன். வெற்றிலை போடுற தாத்தாக்கள் சுண்ணாம்பு டப்பிச் சங்கிலியிலும் இதைத் தொங்கவிட்டிருப்பாங்க.

இந்த வளையத்தின் வயசு எவ்வளவுன்னு தேடிப் போனா ஹரப்பாவில் போய் நிக்குது. அங்கே அகழாய்வில் செம்பு, வெண்கலத்தில் செய்த ஒரு ‘செட்’ கிடைச்சிருக்கு: ஒரு ஊசி, ஒரு காதுக்கரண்டி, ஒரு சாமணம். இதே போல மெசபடோமியாவின் ஊர் நகரத்திலும் கிடைச்சிருக்கு. 4000 வருஷத்துக்கு மேலாச்சு, டிசைன் மாறவே இல்லை. சாஃப்ட்வேர்ல இப்படி ஒரு வெர்ஷன் நின்னா நாங்க கோயில் கட்டிடுவோம்.

கருவி இருந்ததால எல்லாரும் கண்டபடி குடைஞ்சாங்கன்னு நினைக்காதீங்க. சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரம் காது நோய்கள் 28 என்று கணக்குச் சொல்லுது. அதில் ஒன்று கர்ணகூதகம், குறும்பி இறுகி அடைத்துக்கொள்வது. கூதம் என்றால் மலம். அழுக்கு என்ற எண்ணம் அப்பவே வந்தாச்சு பாருங்க. ஆனா சிகிச்சை ரொம்ப நிதானமானது. முதலில் எண்ணெய் விட்டு ஊறவைக்கணும், ஒற்றடத்தால் இளக்கணும், அதுக்கு அப்புறம்தான் மருத்துவர் சலாகை என்ற மெல்லிய கருவியால் எடுக்கணும். ரோமில் முதலாம் நூற்றாண்டில் எழுதிய செல்சஸும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்றார். குறும்பி மெதுவா இருந்தா கரண்டி. இறுகியிருந்தா வினிகரில் சோடாவைக் கலந்து ஊற்றி இளக்கிக் கழுவு. இன்னிக்கும் காது டாக்டர் எழுதித் தர்ற சொட்டு மருந்துகளில் ஒன்று சோடியம் பைகார்பனேட்.

இங்கே கிராமங்களில் அந்தக் கரண்டியைப் பிடித்த கை யாருடையது? பெரும்பாலும் முடிதிருத்துபவருடையது. முடி வெட்டி, நகம் வெட்டி, காதும் எடுத்துவிட்டு, கட்டியும் கீறியவர்கள் அவங்கதான். அந்த வீட்டுப் பெண்கள் ஊருக்கே பிரசவம் பார்த்தார்கள். அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயர் சும்மா வரலை. உடம்பைத் தொட்டு வேலை செய்யத் தெரிந்தவர்களையே, தொட்டதற்காகக் கீழே வைத்தது ஊர். வடக்கே டெல்லி மாதிரி நகரங்களில் இது தனித்தொழிலாவே இருந்தது. தலைப்பாகையில் ஊசியும் பஞ்சும் செருகிக்கிட்டு தெருவில் உட்கார்ந்து காது எடுப்பவர்கள் இன்னமும் கொஞ்சம் பேர் இருக்காங்க.

அவங்க கைத்திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. சிக்கல் வெளிச்சத்துல. காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், அதுவும் வளைஞ்சது, முடிவுல செவிப்பறை. உள்ளே தெரியாமலே வேலை செய்யணும். 1841இல் ஃப்ரீட்ரிஷ் ஹோஃப்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் நடுவில் ஓட்டை போட்ட கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பிக் காதுக்குள் பார்த்தார். பழைய சினிமா டாக்டர்கள் நெத்தியில் மாட்டியிருப்பாங்களே, அந்தக் கண்ணாடி இந்த வழியில் வந்ததுதான். என் கணக்குல காதுப் பராமரிப்பில் பெரிய புரட்சி இதுதான். மருந்து எதுவும் இதுக்கு ஈடில்லை.

குறும்பி எடுக்கப்போய் நோபல் பரிசு வாங்கின கதையும் ஒண்ணு இருக்கு. வியன்னாவில் ராபர்ட் பாரனி நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீச்சிக் கழுவுவார். சிலருக்குத் தலை சுத்தும். ஒரு நோயாளி, ‘தண்ணி சரியான சூட்டில் இல்லைன்னாதான் எனக்கு சுத்துது’ன்னு சொல்லியிருக்கார். பாரனி விடலை. குளிர்ந்த தண்ணீருக்குக் கண் ஒரு பக்கம் துடிக்குது, சூடான தண்ணீருக்கு எதிர்ப்பக்கம் துடிக்குது. உள்காதில் இருக்கும் திரவம் வெப்பத்தால் நகர்ந்து சமநிலையைக் குழப்புதுன்னு கண்டுபிடித்தார். 1914ஆம் ஆண்டுக்கான நோபல் அவருக்கு. அறிவிச்சப்போ அவர் ரஷ்யாவில் போர்க்கைதி! காது கழுவும் தண்ணீர் உடம்புச் சூட்டில் இருக்கணும்னு டாக்டர்கள் சொல்றது இதனாலதான்.

சரி, எதுக்கு இந்தக் குறும்பி? காதுக்குழாயின் வெளிப்பாதியில் இருக்கும் சுரப்பிகளின் எண்ணெய்ப் பசையும், உதிர்ந்த தோலும் சேர்ந்ததுதான் இது. லேசான அமிலத்தன்மை. தண்ணீர் ஒட்டவிடாது, கிருமியை வளரவிடாது, தூசியைப் பிடிச்சு வச்சுக்கும். எனக்குப் பிடிச்ச விஷயம் அடுத்தது: காதுத் தோல் உள்ளிருந்து வெளியே நகர்ந்துகிட்டே இருக்கு, ஏறத்தாழ நகம் வளர்ற வேகத்தில். 1964இல் ஆல்பர்ட்டி என்ற மருத்துவர் செவிப்பறையில் மைப்புள்ளி வைத்து, அது நகர்வதைப் பார்த்தே எழுதினார். கன்வேயர் பெல்ட்தான். நாம மெல்லும்போது தாடை அசைவதும் உதவுது. குறும்பி தானாவே வெளியே வந்துகிட்டு இருக்கு. நாமதான் எதிர்த்திசையில் பட்ஸை விட்டு உள்ளே தள்றோம்.

அந்த பட்ஸ் 1923இல் வந்தது. லியோ கெர்ஸ்டென்சாங் என்ற அமெரிக்கர், மனைவி பல்குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றிக் குழந்தையைச் சுத்தம் செய்வதைப் பார்த்துத் தயாரிக்க ஆரம்பித்தார். காதுக்குழாய்க்குள் விடாதே என்ற எச்சரிக்கை 1970களில் பெட்டியிலேயே ஏறிடுச்சு. இந்தியாவில் பிளாஸ்டிக் குச்சி வைத்த பட்ஸை 2022 ஜூலை 1 முதல் தடை பண்ணாங்க. காதைக் காப்பாத்த இல்லை, சுற்றுச்சூழலைக் காப்பாத்த. இப்போ காகிதக் குச்சி, மூங்கில் குச்சி. தள்ற வேலை அதேதான். நம்ம வீட்டு ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு, பைக் சாவி எல்லாம் தனிப் பட்டியல். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் செவிப்பறையில் ஓட்டை இருப்பவருக்கு ஆபத்து. அது இருக்கான்னு வெளியிலிருந்து சொல்லவே முடியாது.

இதுவரை சொன்னது சுவாரஸ்யத்துக்கு. இனி சொல்லப்போறதுக்காகத்தான் இந்த எபிசோடை எடுத்தேன். தேசியக் காது கேளாமை தடுப்புத் திட்டத்தின் ஆவணங்கள், கேட்கும் குறைபாட்டுக்குக் காரணமாக 15.9 சதவீதம் பேரிடம் குறும்பி அடைப்பைச் சொல்கின்றன. அதாவது பத்து நிமிஷத்தில் சரியாகக்கூடிய கோளாறு. சந்தோஷமான செய்திதான். ஆனா இதுக்கு மறுபக்கம் இருக்கு.

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். தறிக்கூடம் இருக்குற தெருவில் நடந்தாலே பேச்சு கேக்காது, உள்ளே நாள் முழுக்க நிக்கிறவங்களை நினைச்சுப் பாருங்க. தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. தறிச் சத்தம் அதைச் சாதாரணமா எட்டும், தாண்டும். ‘ஏம்ப்பா டிவிய இவ்வளவு சத்தமா வைக்கீய?’ன்னு வீட்டுல கேட்டா, நாற்பது வயசுக்காரர் சொல்ற பதில்: ‘காதுல அழுக்கு அடைச்சிருக்கு.’ ஒரு பட்ஸ், ரெண்டு சொட்டு எண்ணெய், அடுத்த வருஷமும் அதே பதில். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் செத்துப்போனா திரும்ப முளைக்காது. குறும்பியை எடுத்தாலும் கேட்காது.

ரெண்டையும் பிரிச்சுச் சொல்றது கஷ்டமே இல்லை. டாக்டர் லைட் அடித்துப் பார்த்தாலே அடைப்பு இருக்கா இல்லையான்னு தெரியும். இல்லைன்னா ஹெட்போன் மாட்டி ஆடியோகிராம். சத்தத்தால் கெட்ட காதுக்கு அந்தக் கோட்டில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். நம்ம பக்கத்துல பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கு. காதில் சீழ், வலி இருந்தாலோ, திடீர்னு ஒரு காது கேக்காமப் போனாலோ தள்ளிப்போடாதீங்க. திடீர்னு போனது உடனே பார்க்க வேண்டிய அவசரம். மத்தபடி தறிக்குப் போற அப்பாவோ சித்தப்பாவோ வீட்டில் இருந்தா ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போகாதீங்க, அன்னிக்கு ஓ.பி. கிடையாது. திங்கள் காலையில் கிளம்புங்க. போறதுக்கு முன்னாடி ஒரு ஜோடி ஃபோம் இயர்பிளக் வாங்கிக் கொடுங்க, அது ஒரு டீ, ஒரு வடை விலைதான்.