ஏறத்தாழ ஒன்றான பனுவல்கள்: கோப்பு ஒப்பீட்டுக் கட்டளைகளின் வரலாறு

ஒரு பனுவலின் இரண்டு படிகள் ஒன்றா, வேறா என்னும் வினா பதிப்பாசிரியர்க்குப் பழையது. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிடுவதற்காக உ.வே. சாமிநாதையர் ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளை ஆராய்ந்த உழைப்பு இவ்வினாவைச் சார்ந்ததே. மொழித்தரவுத் தொகுப்பாளர்க்கு இதே வினா வேறு முகம் காட்டுகிறது. ஒரே கட்டுரை சிற்சில திருத்தங்களுடன் மூன்று கோப்புகளாகத் தொகுப்பினுள் புகுந்துவிட்டால், அதிலுள்ள அருஞ்சொல் மூன்று முறை எண்ணப்படும். அகராதிக்கு மேற்கோள் தேடுபவர் ஒரு சான்றை மூன்று சான்றுகளாகக் கொள்வார். முழுதும் ஒன்றான கோப்புகளைக் களைதல் எளிது. ஏறத்தாழ ஒன்றானவையே இடர் தருவன. அவற்றைக் கண்டறியக் கட்டளை வரிக் கருவிகள் எவ்வாறு உருவாயின என்பதையும், தமிழ்ப் பனுவல்களிடம் அவை எங்கே தடுமாறுகின்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969இல் தோன்றிய யூனிக்ஸ் இயக்க அமைப்பு, பனுவல் கோப்புகளைக் கையாளும் சிறு கட்டளைகளால் பெயர் பெற்றது. அவற்றுள் 'சி.எம்.பி.' என்பது இரு கோப்புகளைப் பைட் பைட்டாக ஒப்பிட்டு, முதல் வேறுபாடு எங்கே என்று மட்டும் கூறும். கோப்பின் தொடக்கத்தில் ஓர் எழுத்துக் கூடுதலாக இருப்பின் அதன்பின் வருவன அனைத்தும் இடம் பெயர்ந்துவிடுமாதலால், ஏறத்தாழ ஒன்றானவற்றை அறிய இது உதவாது. இக்குறையை நீக்கியது 'டிஃப்' என்னும் கட்டளை. 1974இல் வெளிவந்த யூனிக்ஸ் ஐந்தாம் பதிப்பில் இது இடம்பெற்றது. இதன் வழிமுறையை ஜேம்ஸ் ஹன்ட்டும் டக்ளஸ் மெக்கில்ராயும் 1976ஆம் ஆண்டு அறிக்கையில் விளக்கினர். இரு கோப்புகளிலும் ஒரே வரிசைமுறையில் வரும் பொதுவரிகளின் மிக நீண்ட தொடரைக் கண்டு, அதில் அடங்காதவற்றைச் சேர்க்கை என்றும் நீக்கம் என்றும் காட்டுவது அம்முறை. ஓர் எழுத்துக்கோவையை மற்றொன்றாக மாற்ற எத்தனை திருத்தங்கள் வேண்டும் எனக் கணக்கிடும் அளவை மாஸ்கோவில் விளதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் முன்வைத்திருந்தார். இரண்டும் நெருங்கிய உறவுடையவை.

டிஃப் வரியை அலகாகக் கொண்டது. நிரல் எழுதுவோர்க்கு அது பொருந்தும். உரைநடையில், ஒரு பத்தி முழுவதும் ஒரே வரியாகச் சேமிக்கப்பட்டிருப்பின், ஓர் ஒற்று மாறினாலும் பத்தி முழுவதும் மாறியதாக டிஃப் அறிவிக்கும். சொல்லை அலகாகக் கொண்டு ஒப்பிடும் 'டபிள்யூடிஃப்' இக்குறையைப் போக்கியது.

ஆயினும் பெரிய குறை ஒன்று எஞ்சியது. எவ்விரண்டு கோப்புகளை ஒப்பிடவேண்டும் என்பதை ஆய்வாளரே சொல்லவேண்டியிருந்தது. 10,000 கோப்புகளை இணையிணையாக ஒப்பிடின் 4,99,95,000 ஒப்பீடுகள் ஆகும். ஒன்றுக்கு ஒரு நொடி எனக் கொண்டாலும் 578 நாட்கள் கழியும். 1992இல் வெளியிடப்பட்ட 'எம்.டி.5' போன்ற முறைகள் கோப்பு முழுவதையும் ஒரு குறுகிய எண்ணாகச் சுருக்குவதால், எண்களை வரிசைப்படுத்தியே ஒன்றான கோப்புகளைப் பிடித்துவிடலாம். ஆனால் ஒரு புள்ளி மாறினாலும் அவ்வெண் அடியோடு மாறும். அவ்வாறு மாறவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இவ்விடத்தில்தான் அரிசோனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உதி மான்பரின் பங்களிப்பு சிறக்கிறது. 1994இல் அவர் அறிமுகப்படுத்திய 'சிஃப்' என்னும் கருவி, கோப்பு முழுவதற்கும் ஓர் எண் தராமல், அதனுள் ஆங்காங்கே தேர்ந்த 50 பைட் நீளமுள்ள துண்டுகளுக்கு எண் தந்தது. துண்டுகளைத் தேர்வது கோப்பினுள் அவை நிற்கும் இடத்தைப் பொறுத்தன்று. அவற்றின் உள்ளடக்கத்தைப் பொறுத்தது. ஆதலின் முன்னே ஒரு பத்தி செருகப்பட்டாலும் பின்னுள்ள துண்டுகள் அவ்வாறே அகப்படும். கால்பங்கு ஒற்றுமையுடைய கோப்புகளையும் இதனால் காண முடிந்தது. சுவடி ஆய்வில் பழகியோர்க்கு இக்கருத்து புதிதன்று. ஏடுகள் இடம் மாறிக் கோக்கப்பட்ட சுவடியையும் இன்ன நூலென்று அறிய அவர்கள் துணைகொள்வது இடையிடையே தென்படும் அறிந்த தொடர்களையே.

1997இல் ஆந்திரேய் பிரோடரும் உடனாய்வாளர்களும் இணையத்திலிருந்து திரட்டப்பட்ட மூன்று கோடிப் பக்கங்களுக்கு இவ்வகை ஆய்வை விரித்தனர். பத்துச் சொல் கொண்ட தொடர்களைக் கூரை ஓடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்று படிய எடுத்து, இரு பனுவல்களுக்கும் பொதுவான தொடர்களின் எண்ணிக்கையை இரண்டிலும் சேர்ந்துள்ள வெவ்வேறு தொடர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே ஒற்றுமை அளவு. இவ்வளவையின் மூலம் சுவிட்சர்லாந்துத் தாவரவியலார் பால் ஜக்கார் ஆல்ப்ஸ் மலைப் பகுதிகளின் செடிவகைகளை ஒப்பிட வகுத்தது என்பது மொழியியலார்க்குச் சுவையான செய்தி. பின்னர் மோசஸ் சரிக்கர் 2002இலும், ஜெஸ்ஸி கார்ன்பிளம் 2006இலும் வேறு சுருக்கமுறைகளைத் தந்தனர். பின்னவருடைய 'எஸ்.எஸ்.டீப்' இன்றும் கட்டளை வரியில் பயன்படுகிறது.

இவ்வழிமுறைகளைத் தமிழுக்குக் கொண்டுவருங்கால் எழும் இடர்கள் எழுத்து நிலையிலேயே தொடங்குகின்றன. யு.டி.எஃப்.-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் கொள்ளும். அவற்றுள் முதல் பைட் எப்போதும் ஒன்றே. இரண்டாவது, இரண்டு மதிப்புகளுள் ஒன்று. எனவே மான்பரின் 50 பைட் துண்டு ஆங்கிலத்தில் எட்டு, ஒன்பது சொற்களைத் தழுவ, தமிழில் பதினாறு குறிகளோடு நின்றுவிடும். அது பெரும்பாலும் இரண்டு சொற்களுக்கு மேற்படாது. எஸ்.எஸ்.டீப் நகர்த்திச் செல்லும் ஏழு பைட் சாளரத்தில் முழுமையாக அடங்குவன இரண்டே குறிகள். ஒரு மொழிக்கு அளந்து தைத்த சட்டையை மற்றொரு மொழிக்கு அணிவிக்கும் செயல் இது.

'கொ' என்னும் எழுத்தை மெய்க்குறியுடன் ஒரே உயிர்க்குறியாலும் எழுதலாம். கொம்பு, கால் என இரு குறிகளாலும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, கணிப்பொறிக்கு வேறு. யூனிகோடு நெறி இவற்றைச் சமமெனக் கொள்வதால் 'யூகான்வ்' போன்ற கட்டளையால் ஒருநிலைப்படுத்திவிடலாம். ஆனால் ஔகாரத்தின் பின்பகுதிக்கு ளகரத்தையும், எகரத்திற்கு ஏழு என்னும் தமிழ் எண்ணையும் தட்டச்சிட்ட கோப்புகளை அந்நெறி திருத்தாது. அவற்றிற்குத் தனி மாற்றுப்பட்டியல் வேண்டும். 'டிஸ்கி' முதலிய பழைய குறியேற்றங்களில் உள்ளவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றுதலும் இன்றியமையாதது.

அடுத்தது புணர்ச்சி. 500 சொல் கொண்ட பனுவலில் பத்துச்சொல் தொடர்கள் 491. நடுவே ஒரு சொல் மாறினால் பத்துத் தொடர்கள் மாறும். ஒற்றுமை அளவு 0.96 ஆக நிற்கும். ஆனால் ஒரு பதிப்பில் 'அதனைப் படித்தான்' என்றும் மற்றதில் 'அதனை படித்தான்' என்றும் பத்துச் சொல்லுக்கு ஒருமுறை ஒற்று விடுபட்டிருப்பின், எந்தத் தொடரும் பொதுவாக எஞ்சாது. நூற்றுக்குத் தொண்ணூறு சொற்கள் ஒன்றாயிருந்தும் ஒற்றுமை சுழியாகும்! 'வந்துகொண்டிருந்தான்' என்பதைச் சேர்த்தும் பிரித்தும் எழுதும் வழக்கமும் இதே விளைவைத் தரும். இதனால் தமிழுக்குச் சொல்லைவிட எழுத்துத் தொடரையே அலகாகக் கொள்ளுதல் தகும் என்பது என் கருத்து. இடைவெளிகளை நீக்கி, வல்லின ஒற்று மிகுதலைப் பொருட்படுத்தாது ஒப்பிடுதல் முதற்கட்டத்திற்குப் போதுமானது.

எதிர்த்திசையிலும் இடருண்டு. ஒரு விதித்தொகுப்பின் இரு வடிவங்களில் 'பொருந்தும்' என்பது 'பொருந்தாது' என ஓரிடத்தில் மட்டும் மாறியிருக்கலாம். எந்தக் கருவியும் இவற்றை ஏறத்தாழ ஒன்று என்றே கூறும். மொழிபெயர்ப்பு நினைவகங்கள் விழுக்காட்டு அடிப்படையில் பழைய தொடரை எடுத்துக் கொடுப்பதும் இவ்வகைக் கணக்கின் வழியேதான். உயர்ந்த விழுக்காட்டைக் கண்டு பழைய மொழிபெயர்ப்பை அப்படியே ஏற்பவர் விதியையே தலைகீழாக்கிவிடுவார்.

ஆகவே ஒத்த கோப்புகளைக் கண்டவுடன் அழித்தல் கூடாது. குழுவாகக் கட்டி, ஒன்றை மூலப்படியாகக் குறித்து, ஏனையவற்றை டபிள்யூடிஃப் வழியே அதனோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளைத் தனிக்கோப்பில் வைத்தல் வேண்டும். சொல்லெண்ணிக்கைக்கு மூலப்படி மட்டும் போதும். வேறுபாட்டுக் கோப்பு, ஒற்று மிகும் இடங்களையும் சொற்பிரிப்பு வழக்கையும் ஆராய்வோர்க்குரிய தரவாகும்.