கில்லீன்

அயர்லாந்தின் தேசப்படத்தை விரித்து ஊர்ப்பெயர்களை வாசித்துச் செல்பவர், கில்டேர், கில்கென்னி, கில்லார்னி என்று ‘கில்’ என்னும் அசையில் தொடங்கும் பெயர்கள் எண்ணிறந்தன இருக்கக் காண்பார். இத்தகைய பெயர்களுட் சில காட்டைக் குறிக்கும் வேறொரு சொல்லின் திரிபாயினும், பெரும்பாலானவை கோயிலைக் குறிக்கும் ‘கில்’ என்ற ஐரிஷ் சொல்லினின்று பிறந்தவை. கருவாலி மரத்துக் கோயில் கில்டேர், புனித கானிஸின் கோயில் கில்கென்னி. அச்சொல்லுக்கு மூலம், சிற்றறை என்று பொருள்படும் ‘கெல்லா’ என்ற லத்தீன் பதம். கிறிஸ்து மதத்தோடு கடல் கடந்து வந்தது. துறவி தவம் புரிந்த அறையும், அதையடுத்து எழுந்த சிறு கோயிலும், அம்மகானின் அருகே துயில விரும்பியோரை அடக்கம் செய்த நிலமும் ஆகிய மூன்றும் அவ்வொரு பெயரையே ஏற்றன.

‘சிறிய கில்’ என்பதே கில்லீன். ஆனால் பிற்காலத்தில் அச்சொல் தாங்கிய துயரம் பெரிது. ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த சிசுவுக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் நெடுநாள் விதியாக இருந்தது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும் அதை உறுதிசெய்தது. மோட்சமும் இல்லாத, நரக வேதனையும் இல்லாத லிம்போவுக்கே அவ்வான்மா உரியது என்று போதித்தார்கள். ஒரு பாவமும் அறியாத பச்சிளங் குழந்தைக்கு இதனினும் கொடிய விதி இருக்கமுடியுமா? பெற்றவள் படுக்கையில் கிடக்க, தகப்பனோ உறவினனோ இருட்டிய பின் அச்சிற்றுடலைக் கில்லீன் எனப்பட்ட நிலத்துக்குச் சுமந்து சென்று, குருவானவரும் மந்திரமும் இன்றிப் புதைத்து, பெயர் பொறிக்காத ஒரு கல்லை நட்டு, சில இடங்களில் வெண்படிகக் கூழாங்கற்களைப் பரப்பிவிட்டு, விடியுமுன் திரும்புவான். தற்கொலை செய்துகொண்டோரும், கரையொதுங்கிய பெயரறியா மாலுமிகளும் அங்கேயே அடங்கினர்.

கில்லீனைப் புறக்கணிப்பின் இடமென்று மட்டும் கருதுவோர், பெற்றோர் தேர்ந்த நிலத்தைக் கவனிக்கவேண்டும். எல்லையோரங்களையும் பழைய மண்கோட்டைகளையும் கடற்கரைகளையும் நாடியது உண்மையே. எனினும் பாழடைந்த பண்டைக் கோயில்களின் வளாகங்களே மிகப் பல. கெரி மாவட்டத்து ரியாஸ்க்கில், சிலுவையும் சுருள்கோலமும் செதுக்கிய கல்தூண் நிற்கும் ஆதி மடத்தின் இடிபாட்டுக்குள்ளேயே குழந்தைகளைப் புதைத்தார்கள். சட்டம் மறுத்த மண்ணை அடைய இயலாதவர்கள், சட்டத்துக்கு முந்திய மகான்களின் மண்ணில் தம் மக்களைச் சேர்ப்பித்தார்கள் என்றே நான் கொள்கிறேன். கில் என்ற சொல்லின் ஆதிப்பொருளை அவர்கள் துறக்கவேயில்லை.

இவ்வழக்கம் 1960-களை ஒட்டி ஓய்ந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, ஞானஸ்நானம் அளிக்கப் பெற்றோர் எண்ணியிருந்த சிசுவுக்குத் திருச்சபை அடக்கத்தை ஆயர் அனுமதிக்கலாம் என்றது. 2007-இல் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு, அக்குழந்தைகளின் ரட்சிப்பை நம்புவதற்குக் காரணம் உண்டு என்று அறிவித்தது. அதற்கு முன்பே பல ஊர்களில் பங்குக் குருக்கள் கில்லீன்களுக்குச் சென்று அவற்றை மந்திரிக்கவும், ஊரார் நினைவுக்கற்கள் நாட்டவும் தொடங்கிவிட்டனர்.