முதல் மாநாடு நடந்த கிராமமும் மதுரைக் குகை வௌவால்களும்

நெய்வேலி நண்பர்களே, என் பழைய மாணவர்களே, இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

விலங்குகளின் நடத்தையை ஆராய்பவர்களுக்கென்று ஓர் உலக மாநாடு உண்டு. முதல் மாநாடு 1952-இல் நடந்தது. எங்கே தெரியுமா? லண்டனிலோ பாரிஸிலோ இல்லை. மேற்கு ஜெர்மனியில் புல்டர்ன் என்ற கிராமத்தில். சுற்றிலும் வயலும் மாட்டுப் பண்ணையும். அங்கே அகழி சூழ்ந்த ஒரு பழைய மாளிகையில்தான் கொன்ராட் லோரென்ஸ் தன் ஆய்வு நிலையத்தை வைத்திருந்தார். அவருக்கு வேண்டியது வாத்துகளும், அவை நீந்தத் தண்ணீரும். பட்டணத்தில் அதற்கு எங்கே போவது?

அது சாதாரணமான காலமும் இல்லை. உலகப் போர் முடிந்து ஏழே ஆண்டுகள். லோரென்ஸ் நாஜிக் கட்சியில் உறுப்பினராக இருந்தவர். போரில் ரஷ்யர்களிடம் பிடிபட்டு 1948 வரை கைதியாக இருந்தார். அவருடைய நண்பர், டச்சுக்காரரான நிக்கோ டின்பெர்கன். யூதப் பேராசிரியர்களை வேலையை விட்டு நீக்கியதை எதிர்த்ததற்காக, அவரை ஜெர்மானியர்கள் இரண்டு ஆண்டுகள் பிணைக்கைதியாக அடைத்து வைத்தார்கள். எதிரெதிர்ப் பக்கம் நின்ற இந்த இருவரும் 1949-இல் கேம்பிரிட்ஜில் மறுபடி சந்தித்தார்கள். 1973-இல் தேனீ ஆய்வாளர் கார்ல் ஃபான் ஃப்ரிஷ்ஷோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார்கள். பழைய கணக்கு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கணக்கு பாக்கி இருக்கும்போதே, மூன்றே ஆண்டுகளில், ஜெர்மன் மண்ணில் ஒரு கிராமத்தில் இந்த மாநாடு கூடியது. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்போது நம் பக்கம் வருவோம்.

1970-களின் நடுவில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஜெர்மனியில் எர்வின் பூனிங்கிடம் உயிரியல் கடிகாரம் பற்றி ஆராய்ந்தவர். மதுரையைச் சுற்றியுள்ள மலைக் குகைகளே அவருக்கு ஆய்வகம். அவரும் ஜி. மாரிமுத்துவும் அவர்கள் குழுவும் செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன்.

வெளிச்சமே எட்டாத குகை. உள்ளே ஒரு வௌவாலைக் கூண்டில் தனியாக வைத்தார்கள். மற்ற வௌவால்கள் வழக்கம்போல் மாலையில் வெளியே போய்த் திரும்பி வந்தன. கூண்டு வௌவாலுக்குப் பொழுது சாய்ந்தது தெரிய வழியில்லை. ஆனாலும் கூட்டம் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக அதுவும் விழித்துப் படபடத்தது. வௌவாலே இல்லாத வேறொரு குகையில் தனியாக வைத்தபோது அதன் கடிகாரம் நாளுக்கு நாள் பிசகியது. சூரியன் சொல்லாத நேரத்தைச் சுற்றம் சொல்லியிருக்கிறது! 1981-இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

இன்னொன்று. கெர்ஹார்ட் நாய்வைலர் என்ற ஜெர்மன் அறிஞர் (பெயரில் நம் ஊர் வாசம் அடிக்கிறதா?) மதுரைக்காரர்களோடு சேர்ந்து வேலை செய்தவர். தவளையைப் பிடித்துத் தின்னும் ஒருவகை வௌவாலை அவரும் மாரிமுத்துவும் கவனித்தார்கள். தவளை அசையாமல் இருந்தால் அது தப்பித்தது. தத்தினால் எழும் சிறு சத்தமே அதற்கு எமன்.

மதுரையில் மனிதர்களையும் கடிகாரமும் பகல் வெளிச்சமும் இல்லாத அறையில் பல நாள் தங்கவைத்து ஆராய்ந்தார்கள். தனியே விட்டால் மனிதக் கடிகாரமும் 24 மணி நேரத்தோடு ஒட்டி ஓடுவதில்லை. இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் நைட் ஷிப்ட் நினைவுதான் வந்தது. மைன்ஸிலிருந்தும் தெர்மலிலிருந்தும் காலையில் வந்து, வீடே விழித்திருக்கும் நேரத்தில் தூங்கப் படுத்த அப்பாக்கள் எத்தனை பேர்! உடம்பு ஒரு நேரம் சொல்லும், சுற்றம் வேறொரு நேரம் சொல்லும். குகை வௌவாலின் ஆராய்ச்சி நம் வீட்டுத் தூக்கத்தைப் பற்றியதும்தான்.

1999-இல் அந்த உலக மாநாடு பெங்களூருவுக்கு வந்தது. பெருமைதான். ஆனால் அதற்கு வெகு முன்பே மதுரைப் பக்கத்துக் குன்றுகள் உலக ஆய்விதழ்களில் இடம் பிடித்துவிட்டன. அந்த வௌவால்களோடு தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள் சுற்றுவட்டாரக் கிராமத்தார்.

ஆகவே, விவசாய ஊரில் விலங்கு நடத்தை பற்றிக் கருத்தரங்கு கூட்டுவது ஊருக்குச் செய்யும் தயவு அல்ல. அந்த அறிவியல் பிறந்த வீட்டுக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் பறவைகள் மிரளக்கூடாது என்று கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவையின் போக்கு தெரிந்தவர்கள்தானே அப்படி இருக்க முடியும்? அவர்களைக் கடைசி வரிசை நாற்காலியில் உட்காரவைக்கிற கருத்தரங்கு, எந்த ஊரில் நடந்தாலும் பாதிக் கருத்தரங்குதான்.

குறிஞ்சிப்பாடி, வடலூர், விருத்தாசலம் பக்கத்து மாணவர்களே, உங்கள் வயலில் ஆந்தை, கீரி, கொக்கு, வௌவால் செய்வதில் நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைக் கீழே எழுதுங்கள். மாதம், நேரம், இடம் குறிப்பிட்டு எழுதவேண்டும். வாத்தியார் படித்துப் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆசிரியர்