மைகோபாக்டீரியாவின் மருந்து உணர்திறன் சோதனை

நோயாளியின் சளியிலிருந்து வளர்த்தெடுத்த காசநோய்க் கிருமி ஒரு மருந்துக்கு அடங்குமா, அதைத் தாங்கி வளருமா என்று ஆய்வகத்தில் அறியும் முறை மருந்து உணர்திறன் சோதனை எனப்படும். மைகோபாக்டீரியா இனத்தைச் சேர்ந்த இக்கிருமி ஒருமுறை இரண்டாகப் பிளவுபட 15 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்வதால், மற்றப் பல பாக்டீரியாக்களுக்கு ஓரிரு நாளில் முடியும் சோதனை இதற்கு வாரக்கணக்கில் நீண்டது.

சோதனையின் தேவையை முதலில் உணர்த்தியது 1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1948இல் வெளியிட்ட ஆய்வில், அம்மருந்தை மட்டும் பெற்ற நோயாளிகள் தொடக்கத்தில் தேறியபோதும், பலருடைய கிருமிகள் சில மாதங்களுக்குள் அதற்கு அடங்காதவையாகிவிட்டது தெரிந்தது. நுரையீரலில் விழுந்த குழிகளில் பெருகும் கோடிக்கணக்கான கிருமிகளுள், தற்செயலான மரபணுப் பிறழ்வால் மருந்தைத் தாங்கக்கூடிய சில முன்னரே இருக்கும். மற்றவை அழிய, அவை மட்டும் பெருகும். எனவே எதிர்ப்புள்ள கிருமி இருக்கிறதா என்பதைவிட, எவ்வளவு இருக்கிறது என்பதே உண்மையான கேள்வி.

அக்கேள்விக்கு எண்ணால் விடை தந்தவர்களுள் முதன்மையானவர் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஜார்ஜ் கானெட்டி. அவரும் பல நாட்டு அறிஞர்களும் 1963இல் உலக சுகாதார நிறுவன இதழில் விளக்கிய முறைகளுள் ஒன்றான விகித முறையில், முட்டையும் மலகைட் பச்சைச் சாயமும் சேர்ந்த லோவன்ஸ்டைன்–யென்சன் ஊடகத்தில், மருந்து கலந்தும் கலக்காமலும் கிருமி வளர்க்கப்படுகிறது. மருந்துள்ள குழாயில் தோன்றும் கிருமிக் குடியிருப்புகள் மருந்தற்றதில் தோன்றுவனவற்றில் 1 விழுக்காட்டை எட்டினால் கிருமி எதிர்ப்புடையது. காசநோய் மருந்தான ஐசோனியசிடைச் சோதிக்க ஊடகத்தில் கலக்கும் அளவு மில்லிலிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம். எளிய கருவிகளே போதும் என்பதால் இம்முறை ஏழை நாடுகளிலும் வேரூன்றியது. சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், பின்னாளில் பிற ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் பன்னாட்டு ஆய்வகங்களுள் ஒன்றாகவும் உயர்ந்தது. எல்லா மருந்துக்கும் சோதனை ஒரே அளவில் நம்பகமானதன்று: மற்றொரு காசநோய் மருந்தான பைரசினமைடு அமிலச் சூழலில்தான் செயல்படும், அச்சூழலிலோ கிருமியே சரிவர வளராது.

கிருமி வளர்வதைக் கருவியே உணரும் திரவ ஊடகங்கள் காத்திருப்பைச் சுருக்கின. உலக சுகாதார நிறுவனம் 2007இல் அவற்றைப் பரிந்துரைத்தது. ஆயினும் பெரிய மாற்றம் வளர்ப்புக்கு வெளியிலிருந்து வந்தது. ரிஃபாம்பிசின் என்னும் காசநோய் மருந்துக்கு எதிர்ப்பு பெரும்பாலும் கிருமியின் ஆர்பிஓபி மரபணுவின் 81 கார இணைகள் கொண்ட சிறு பகுதியில் எழுகிறது என்று 1993இல் தெரிந்தபின், கிருமியை வளர்க்காமல் அப்பகுதியை மட்டும் பெருக்கிப் பார்க்கும் வழி திறந்தது. 2010இல் பரிந்துரைக்கப்பட்ட எக்ஸ்பெர்ட் கருவி இரண்டே மணி நேரத்தில் விடை தருகிறது. இந்தியாவில் உருவான ட்ரூநாட் கருவி 2020இல் பரிந்துரைக்கப்பட்டது.

வளர்ப்புச் சோதனையை அளவுகோலாகக் கொண்டே மரபணுச் சோதனை மதிப்பிடப்பட்டது. பின்னர் அந்த அளவுகோலே திருத்தப்பட வேண்டியதாயிற்று. சில ஆர்பிஓபி பிறழ்வுகளைக் கொண்ட கிருமிகளைத் திரவ ஊடகம் உணர்திறனுள்ளவை என்று காட்டியபோதும், அவற்றால் நோயுற்றோருக்கு மருந்து பலிக்காமல் போவதைக் கண்டு, உலக சுகாதார நிறுவனம் 2021இல் அச்சோதனையின் ரிஃபாம்பிசின் அளவை மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமிலிருந்து 0.5 ஆகக் குறைத்தது.