முனை மழுங்கிய எழுத்தின் கதை

நாட்டுக்கும் ஊருக்கும் சரித்திரம் இருப்பதுபோல் எழுத்துக்கும் சரித்திரம் உண்டு. கடைப் பலகையிலும் பிஸ்கட் டின்னிலும் நாம் காணும் எழுத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்று நாம் நினைப்பதே இல்லை. அத்தகைய ஆங்கில எழுத்து ஒன்றைப் பற்றி இம்மலரில் எழுத விழைகிறேன். அதன் பெயர் வி.ஏ.ஜி. ரவுண்டட்.

சாதாரண அச்செழுத்தில் கோட்டின் முனை, ரம்பத்தால் அறுத்த பலகை போல் நேராக நிற்கும். இதில் அப்படியில்லீங்க. கோடு தடிமன், கொக்கி, வால் எதுவும் கிடையாது, முனைகள் எல்லாம் உருண்டை. நம் பிள்ளைகள் தேய்ந்துபோன வெண்கட்டியால் கரும்பலகையில் கோடு போட்டால் முனை எப்படி வருமோ, அதே மாதிரிதான்.

ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் கம்பெனி, ஆடி கார்களைச் செய்த ஆட்டோ யூனியனை 1960களின் நடுவில் வாங்கியது. முதலாளி ஒருவர், கார்கள் இரண்டு. இரண்டையும் ஒரே கூரையின்கீழ் விற்கும் கடைகளுக்கு 1978இல் வி.ஏ.ஜி. என்ற பொதுப் பெயர் வந்தது. பெயர் வைத்தாயிற்று, பலகையில் எந்த எழுத்தில் எழுதுவது? வோக்ஸ்வேகனின் விளம்பரங்களில் ஃபியூச்சுரா என்னும் எழுத்து ஏற்கெனவே பேர்போனது. அதையே போட்டால், 'நம்மை விழுங்கிவிட்டார்கள்' என்று ஆடிக்காரர்களுக்கு மனத்தாங்கல் வராதா? இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் புதிய எழுத்து வேண்டியிருந்தது. ஜெரி பார்னி முதலிய இங்கிலாந்துக் கலைஞர்கள் சிலர் சேர்ந்து அதனை வரைந்து கொடுத்தார்கள். 1979இல் அது வழக்கத்துக்கு வந்தது. பிரிட்டிஷ் ரயில்வேயின் இரட்டை அம்புச் சின்னத்தை வரைந்தவரும் இதே பார்னிதான்.

உருண்டை முனையில் அழகு மட்டுமல்ல, காரியமும் இருக்கிறது. மட்டமான தாளில் மை ஊறும்போது முதலில் கெடுவது எழுத்தின் கூர்மூலைதான். மூலையே இல்லாத எழுத்தில் கெட என்ன இருக்கிறது? ஊருக்கு ஊர் வெவ்வேறு அச்சகம், வெவ்வேறு பலகைக்காரர் செய்தாலும் சாயல் அதிகம் மாறாது. தடித்த கோடு என்பதால் ரோட்டில் போகிறவர் கண்ணிலும் தூரத்திலேயே படும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. பக்கம் பக்கமாக அச்சிட்டுப் படித்தால் கண் அலுத்துப்போகும். தலைப்புக்கும் பலகைக்கும்தான் சரி. பலகாரக் கடைக்குப் போடலாம், பார்க்கவே வாய் ஊறும். இறப்பு அறிவிப்புக்குப் போட்டால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்!

1989இல் அடோபி கம்பெனி இதனைக் கணினி எழுத்தாக வெளியிட்டது. அதன்பின் கார் கடைக்கு மட்டும் சொந்தம் என்றில்லாமல், யார் வேண்டுமானாலும் வாங்கிப் பயன்படுத்தும் எழுத்தாகிவிட்டது. 1992இல் கார் கம்பெனி வி.ஏ.ஜி. என்ற பெயரையே கைவிட்டது. பலகைகள் இறங்கின, எழுத்து மட்டும் பிழைத்துக்கொண்டது. பின்னாளில் ஆப்பிள் கணினிகளின் விசைகளில் ஏறி உட்கார்ந்தது. 2015 முதல் அங்கும் படிப்படியாக வேறு எழுத்து வந்துவிட்டது. அதற்கு முந்திய ஆப்பிள் கணினி யார் வீட்டிலாவது இருந்தால், விசைகளைச் சற்று உற்றுப் பாருங்கள், பிள்ளைகளே. அந்தக் கார் கடை எழுத்து இன்னும் அங்கே இருக்கும்.