பழைய கணினியில் ஒரு சேமிப்புப் பெட்டகம்

குடும்பப் படங்கள் அத்தனையும் ஒரே வன்தட்டில். அது பழுதானால்? இந்தக் கேள்விக்கான பதில் 1980களிலேயே தொடங்கிவிட்டது.

பெருங்கணினிகளின் வட்டுகள் அன்று மிகவும் விலை உயர்ந்தவை. 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலை மலிவான சிறு வட்டுகள் பலவற்றை இணைத்தால், ஒன்று பழுதானாலும் தகவல்கள் தப்பிக்கும் என்றது அது. இதுதான் ரெய்டு.

நிறுவனங்களிடம் இருந்த இந்த வசதியை வீட்டுக்கும் கொண்டுவந்த மென்பொருள்களில் ஒன்று ஃப்ரீநாஸ். 2005-இல் பிரான்சின் ஒலிவியே கோஷார்-லபே தொடங்கியது. பழைய கணினியில் நிறுவினால் போதும், வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் அதுவே பொதுப் பெட்டகம்.

2009-இல் ஃப்ரீபிஎஸ்டியை விட்டு லினக்ஸுக்கு மாறலாமா என்ற பிரச்சினை எழுந்தது. ஐஎக்ஸ்சிஸ்டம்ஸ் நிறுவனம் பொறுப்பேற்று ஃப்ரீபிஎஸ்டியிலேயே தொடர்ந்தது. லினக்ஸை விரும்பிய ஃபோல்கர் தைலே 2011-இல் ஓபன்மீடியாவால்ட்டை வெளியிட்டார். வேடிக்கை என்னவென்றால், 2022-இல் அதே நிறுவனம் லினக்ஸில் இயங்கும் ட்ரூநாஸ் ஸ்கேலை வெளியிட்டது!

ஒன்றை மறக்க வேண்டாம். ரெய்டு காப்பது வட்டுப் பழுதிலிருந்து மட்டுமே. கை தவறி அழித்த படத்தை அது மீட்டுத் தராது. அதற்கு வேறோர் இடத்தில் இன்னொரு நகல் வேண்டும்.